பதினேழாம் நம்பர்

ஆவடி,
21.6.2022

அன்புள்ள சிவராமனுக்கு,

பூபாலன் அம்மா வசந்தகுமாரி எழுதுவது. ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிடலாமா என்று பேனாவும் கையுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

புனேயில் மழை பிடித்துக்கொண்டது என்று டிவியில் சொன்னார்கள். உனக்கு நாலு தூறல் பட்டாலே தொண்டை கட்டிக்கொள்ளும். குடை எடுத்துக்கொண்டு போகிறாயா? இங்கே அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் போன பாடில்லை. பூபாலன் அப்பாவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். அவர் பாக்டரிக்குக் கிளம்பிய பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போனில் பேசாமல் இது என்ன கடிதம் என்று நினைப்பாய். நீ போனை எடுத்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினொரு தடவை கூப்பிட்டாயிற்று. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில்தான் விழவில்லை. கடைசியில் உன் கம்பெனி விலாசத்தை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். பிள்ளைக்கு முறுக்கு அனுப்பப் போகிறேன் என்று பொய் சொன்னேன். பாவம், அவர்கள் சந்தோஷப்பட்டு இரண்டு தடவை பின்கோடு சொன்னார்கள். கவரைப் பிரித்துப் பார்த்து ஏமாந்திருப்பாய். முறுக்கு தின்னும் நிலைமையில் இந்த வீடு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை காலேஜில் பூபாலனுக்கு டி.சி. கொடுத்தார்கள். அதில் நடத்தை என்று ஒரு வரி இருக்கிறதல்லவா, எல்லாப் பிள்ளைகளுக்கும் ‘நன்று’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்களே, அந்த இடத்தில் இவனுக்கு ‘திருப்திகரமாக இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். போலீஸ் வேலைக்கு அடுத்த மாசம் அறிவிப்பு வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். உயரம் இருக்கிறது, மார்பு இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பார்த்தால் யார் அவனை எடுப்பார்கள்? அதைப் படித்துவிட்டு இவர் சாப்பிடாமல் ஷிப்டுக்குப் போனார். இருபத்தாறு வருஷ வேலையில் ஒரு மெமோ வாங்காத மனுஷன்.

என் பிள்ளை கோபக்காரன்தான். நான் ஒருநாளும் மறைத்ததில்லை. கொரோனா என்று காலேஜை மூடிய நாளிலிருந்து இந்த இரண்டு ரூம் குவார்ட்டர்ஸில் நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். இருப்பது ஒரு போன். ஷிப்ட் முடிந்து வந்தவர் உள்ளே தூங்க வேண்டும், இவன் கூடத்தில் ஆன்லைன் கிளாஸ் கேட்க வேண்டும். கிரவுண்டிலேயே கிடந்து வளர்ந்த பிள்ளையை வாசல் தாண்டாதே என்றால் என்ன செய்வான்? ரிமோட்டைச் சுவரில் அடித்தான். பீரோவை ஒரு குத்து விட்டான், அந்தப் பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் பொருளைத்தான் உடைத்தானே தவிர, மனுஷர்மேல் கை வைத்ததில்லை.

அதற்கப்புறம் இரண்டாவது அலை வந்தது. போன வருஷம் மே மாசம். உன் அப்பா அம்மா இரண்டு பேரையும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகப்பேர் ஃபிளாட்டில் நீ தனியாக இருக்கிறாய் என்று கேள்விப்பட்டதும், போலீஸ் மறித்தால் என்ன சொல்வது என்றுகூட யோசிக்காமல் பூபாலன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். உன்னைக் கூட்டி வந்த அன்று எதிர் வீட்டில், “இன்னாக்கா, ஊர்ல கீற நோயெல்லாம் ஊட்டுக்குள்ள இட்டுகினு வர்றே” என்று கேட்டார்கள். “உன் புள்ளயா இருந்தா வெளிய தள்ளிடுவியா” என்று நான் கேட்டதற்குக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆறாம் நாள் உன் அப்பா தவறிவிட்டார். பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்ததைத் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தீர்கள் இரண்டு பேரும். பூபாலன் விடிய விடிய அழுதான். நீ அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். உன் அம்மா பிழைத்து வீடு திரும்பும் வரை பத்தொன்பது நாள் எங்களோடு இருந்தாய். கிளம்பும்போது, அதுவரைக்கும் ஆன்ட்டி என்று கூப்பிட்டவன், “வர்றேம்மா” என்றாய். நான் சமையலறைக்குள் போய்ப் புடவையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்கலாம். ஆமாம், சொல்லித்தான் காட்டுகிறேன். சோறு போட்டவள் சொல்லிக் காட்டக் கூடாது என்பார்கள். நான் அவ்வளவு பெரிய மனுஷி இல்லை.

ஜூலையில் உங்கள் காலேஜ் விளையாட்டு ஆசிரியர் மனோகரன் சார் அவருடைய டாக்டர் பட்டத்துக்காக ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார். வீட்டில் அடைந்து கிடக்கும் பையன்கள் எட்டு வாரம் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தால் ஆத்திரம் குறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். நாற்பது பையன்கள். முதலில் கோபத்தைப் பற்றி ஒரு கேள்வித்தாள், எட்டு வாரம் கழித்து அதே கேள்வித்தாள். உன்னை அதற்கு உதவியாளாகப் போட்டிருந்தார். தாளில் பேர் கிடையாது, நம்பர்தான். பூபாலன் தயங்கினபோது நீதான் சொன்னாய்: “பேர் வராது மச்சான். யாருக்கு எந்த நம்பர்னு என் நோட்ல மட்டும்தான் இருக்கும், சாருக்கே தெரியாது. உண்மையா சொல்லு.” என் காதால் கேட்டேன். அவனுக்குப் பதினேழாம் நம்பர்.

அன்றைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்காது. நான் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். நீ சமையலறை நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாய். ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் சொல்ல வேண்டும். ‘கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவேன்.’ இவன் “ரெண்டு போடு மச்சான்” என்றான். நான் சும்மா இருக்கவில்லை. “ரெண்டா? ரிமோட்டு இன்னா, தானா பறந்து போச்சா? அஞ்சு போடு சிவா” என்றேன். நீ சிரித்துவிட்டாய். உன் அப்பா போன பிறகு உன் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு மாசமாக முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்த பிள்ளை சிரிக்கிறதே என்று எனக்கு வாய் நிற்கவில்லை. ‘சின்ன விஷயத்துக்கும் கத்துவேன்’ என்று படித்தாய். சாம்பாரில் உப்பு குறைந்தால் ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும், ஐந்து போடு என்றேன். ‘பிறரைக் காயப்படுத்தியிருக்கிறேன்’ என்று படித்தாய். அவன் “சீச்சீ, ஒண்ணு” என்றான். ஒண்ணாம் கிளாஸில் பக்கத்தில் இருந்த பையன் காதைக் கடித்தானே, அதற்கு ஐந்து என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவன் “எம்மா, கம்முனு கீறியா நீ” என்று அவரைக்காயை எடுத்து என்மேல் போட்டான். இருபது கேள்விக்கும் நான்தான் மார்க் சொன்னேன். என் பிள்ளையைப் பற்றிச் சொன்னதாக நினைக்காதே. உன்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்.

அப்புறம் எட்டு வாரமும் காலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் தண்டால், பஸ்கி, ஸ்கிப்பிங். வெயிட்டுக்கு இரண்டு தண்ணீர் கேன். வாரத்தில் மூன்று நாள் நீ முகப்பேரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து வீடியோ எடுப்பாய். நீயும் ரெண்டு தண்டால் எடேன்டா என்று கேட்டதற்கு, “எனக்கு எதுக்கும்மா, எனக்குத்தான் கோபமே வராதே” என்றாய். உன் தாளில் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டிருப்பதாகச் சொன்னாய். நானும் நம்பினேன். என்ன தங்கமான பிள்ளை என்று இவரிடம் சொல்லி வாய் வலித்தது எனக்கு.

பூபாலன் நிஜமாகவே மாறினான். ஒருநாள் குழம்பில் உப்பே போட மறந்துவிட்டேன். பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனான். எனக்குப் பயமாகிவிட்டது, வாசனை ருசி தெரியாமல் போனால் அதுதான் என்று சொல்வார்களே. ஓடிப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். “நல்லாதாம்மா கீறேன். நீ மறந்துட்டேன்னு தெரியும்” என்றான். இரண்டாவது கேள்வித்தாளை அவன் தனியாக உட்கார்ந்து பதில் போட்டான். என்னைக் கிட்டவே விடவில்லை.

இந்த வருஷம் பிப்ரவரியில் காலேஜ் மறுபடி திறந்த முதல் வாரம் கிரவுண்டில் அந்த இரண்டாம் வருஷப் பையன் தினேஷுக்கு அடிபட்டது. கிரிக்கெட் ஸ்டம்பால் அடித்து முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்துவிட்டது. பின்னாலிருந்து விழுந்த அடி. அவன் திரும்பிப் பார்க்கும்போது ஸ்டம்ப் பூபாலன் கையில் இருந்தது. மனோகரன் சார் ஓடி வந்து பார்க்கும்போதும் அப்படித்தான். நீ அடித்தாயா என்று நான் கேட்டதற்குப் பூபாலன் தலையைக் குனிந்துகொண்டானே தவிர ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் பிள்ளைதான் என்று நானும் நினைத்துவிட்டேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு ஐயப்பன்தாங்கலில் தினேஷ் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ரேகா என்னை உள்ளே விடவில்லை. “புள்ளய பெத்து ரவுடியா வளத்துட்டு, இப்ப பாட்டிலு தூக்கினு வந்துட்டியா” என்று தெருவே கேட்கும்படி கேட்டாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். பஸ் டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் விசாரணைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பிரின்சிபாலும் மூன்று பேராசிரியர்களும் இருந்தார்கள். ஒரு ஓரத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? நம் சிவா இருக்கிறான், அவன் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்வான் என்று நினைத்தேன். அடித்ததைப் பார்க்கவில்லை என்று நீ சொன்னதாகப் பிரின்சிபால் சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்தார். மாணவரின் குணம் பற்றித் தெரிந்துகொள்ள ஆராய்ச்சிக் கேள்வித்தாள் கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் படிக்க ஆரம்பித்தார். கையில் கிடைத்ததை எறிவேன், ஐந்து. சின்ன விஷயத்துக்கும் கத்துவேன், ஐந்து. பிறரைக் காயப்படுத்தியிருக்கிறேன், ஐந்து. என் வாய்ப் பேச்சை எனக்கே படித்துக் காட்டினார், சிவா.

“சார், அது ஒண்ணாங் கிளாஸ்ல காதக் கடிச்சது சார்” என்றேன். ஒரு பேராசிரியர் சிரித்துவிட்டார். நான்தான் விளையாட்டுக்குச் சொன்னேன், இந்தப் பிள்ளை பக்கத்தில்தான் இருந்தான், கேளுங்கள் என்று உன்னைக் காட்டினேன். பிரின்சிபால் உன்னைப் பார்த்தார். நீ மேஜையைப் பார்த்தாய். “ஆமாம் சார், அவங்கதான் சொன்னாங்க” என்று சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? நாலு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் உனக்கு ஒன்றும் போயிருக்காது. மகனுக்காக அம்மா இப்படித்தானே பேசுவார்கள் என்று சொல்லி என்னை உட்காரச் சொன்னார்கள். வெளியே வந்தபோது வராண்டாவில் எதிரே வந்த நீ, “வர்றேன் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆன்ட்டியாம்.

பிறகு மனோகரன் சாரைத் தனியாகப் பார்த்தேன். அவருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. “நம்பர் யாருதுன்னு எனக்கே தெரியாதும்மா. சிவராமன்தான் நோட்டப் பாத்து எடுத்து நேரா பிரின்சிபால் கையில குடுத்துட்டான்” என்றார். எட்டு வாரம் கழித்து எழுதின தாள் எங்கே என்று கேட்டேன். அது கிடைக்கவில்லை என்று நீ சொன்னாயாம். நாற்பது பேர் தாளில் அது ஒன்றுதான் கிடைக்கவில்லையா? நான் அதிகம் படிக்காதவள்தான், அதற்காக இதுகூடப் புரியாமல் இருக்குமா?

அப்போதும் நான் உன்னை முழுசாகத் தப்பாக நினைக்கவில்லை. பயந்திருப்பான், பெரியவர்கள் கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வான் என்று இவரிடம் உனக்காகப் பரிந்து பேசினேன். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூபாலன் அந்த டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “நான் அடிக்கலமா” என்றான். எல்லாம் சொன்னான். நீ மாஸ்க் போட்டுக்கொண்டு கிரவுண்டுக்கு வந்ததும், தினேஷ் அதைப் பிடித்து இழுத்து, “உங்கப்பனையே இது காப்பாத்தல, உனுக்கு இன்னாத்துக்குடா இது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்ததும், நீ ஸ்டம்பைப் பிடுங்கி அடித்ததும், இரண்டாவது அடி தலையில் விழுவதற்குள் இவன் பாய்ந்து அதைப் பிடுங்கியதும். ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கத்தினேன். “அவன் கையில ஆஃபர் லெட்டர் இருந்துச்சும்மா. அவங்கம்மாவுக்கு வேற யாரு கீறாங்க? அவனே சொல்லுவான்னு நெனச்சேன். இன்னிக்கி சொல்லுவான், நாளைக்கி சொல்லுவான்னு நாலு மாசமா பாத்துகினே கீறேன்” என்றான்.

சிவா, அந்தப் பேச்சுக்கு நானாக இருந்தாலும் கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்திருப்பேன். நீ அடித்ததை நான் மன்னித்துவிடுவேன். அழாமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாயே, அது என்றைக்காவது வெடிக்கும் என்று எனக்குத் தோன்றாமல் போனது என் தப்பு. ஆனால் அந்தத் தாளை எடுத்தாயே, அதை எப்படி மன்னிப்பது? நாற்பது தாளில் தேடி, நோட்டில் நம்பரைப் பார்த்து, பிரிண்ட் எடுத்து, கையால் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். அது ஆத்திரத்தில் செய்தது இல்லை. நிதானமாக உட்கார்ந்து செய்தது. உனக்கு நான் கொடுத்த சிரிப்பை எடுத்து என் பிள்ளையை அடித்திருக்கிறாய். தினேஷுக்காவது எலும்பு கூடிவிட்டது.

இப்போது பூபாலன் ஓடப் போவதில்லை. மாடிக்குப் போவதில்லை. தண்ணீர் கேன் காலியாகக் கிடக்கிறது. கோபமும் வருவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எதையாவது எடுத்து உடைத்தால்கூட நிம்மதியாக இருக்கும். நான் உன்னைத் திட்டினால் மட்டும், “வுடும்மா” என்று எழுந்து போய்விடுகிறான்.

நேற்று காலேஜுக்குப் போனேன். யாராவது நடந்ததை எழுத்தில் கொடுத்தால் டி.சி.யை மாற்றித் தருவதைப் பற்றிப் பார்க்கலாம், முப்பதாம் தேதிக்குள் வர வேண்டும் என்று பிரின்சிபால் சொன்னார். யார் அடித்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னாலும் அம்மாக்காரி பேச்சு என்றுதான் தள்ளுவார்கள். அதோடு, பூபாலன் நாலு மாசம் கட்டிக் காத்ததை நான் ஒரு நிமிஷத்தில் போட்டு உடைத்தால் அவன் என்னை மன்னிக்க மாட்டான். இந்தக் கடிதம் எழுதுவதும் அவனுக்குத் தெரியாது.

உன் அம்மாவிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வாரா வாரம் போன் பண்ணி, பூபாலனுக்கு வேலை ஏதாவது அமைந்ததா என்று விசாரிக்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சொல்வது? புருஷன் போன வீட்டில் ஒரே பிள்ளை. அதை நீதான் சொல்ல வேண்டும். வேறு யார் வாயிலிருந்தும் அவர்கள் கேட்கக் கூடாது.

உனக்கு வேலை போய்விடுமோ என்று பயம் இருக்கும். போகாது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? எனக்குத் தெரியாது. போனால் இரண்டு பிள்ளைகளுமாகச் சேர்ந்து தேடிக்கொள்ளுங்கள். உன்னை நாசமாகப் போ என்று சொல்லத்தான் மூன்று நாளாக நினைத்தேன். விளக்கு ஏற்றிவிட்டு நின்றால் அந்த வார்த்தை வரவில்லை. பத்தொன்பது நாள் சாப்பிடக் கூப்பிட்ட வாய்க்கு அது வராது போலிருக்கிறது. நல்லா இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

நடந்ததைக் காலேஜில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு தடவை ஆவடிக்கு வா. உன்னைப் பார்த்தால் நான் கதவைத் திறப்பேனா என்று எனக்கே தெரியாது. நான் திறக்காவிட்டாலும் நின்றுகொண்டிரு. பூபாலன் திறப்பான்.

ஆசீர்வாதத்துடன்,
பூபாலன் அம்மா